வனஸ்பதி முதல் வெங்காயம் வரை: இந்தியா–இலங்கை வணிகத்தின் உள்கணக்கு

2005ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போன சரக்கின் மதிப்பில் ஏறக்குறைய பாதி இரண்டே பொருள்களுக்கு உரியது: வனஸ்பதி, செம்பு. தேயிலை இல்லை, கறுவா இல்லை, ஆயத்த ஆடையும் இல்லை. வனஸ்பதி செய்யப் பாமாயில் வேண்டும். அதைத் தரும் எண்ணெய்ப்பனை இலங்கையின் தெற்கே சிறிய பரப்பில்தான் விளைகிறது. செம்புச் சுரங்கம் அங்கே ஒன்றுகூட இயங்கவில்லை. தன் மண்ணில் விளையாததையும் தோண்டாததையும் ஒரு தீவு பக்கத்து நாட்டுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது எப்படி? இதற்கு விடை தேடினால், அண்டை நாடுகளுக்கு இடையே வணிகம் எதனால் ஓடுகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்ற இரண்டும் தெரியவரும்.

1998 டிசம்பர் 28 அன்று புதுடெல்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளின் அளவையும் எண்ணிப் பார்த்தால் இந்த ஒப்பந்தத்தில் ஒரு நியாயம் தெரியும். இந்தியா தன் பக்கத்துச் சுங்க வரிகளை மூன்றே ஆண்டுகளில் நீக்க வேண்டும். இலங்கைக்கு எட்டு ஆண்டுகள் அவகாசம். ஒப்பந்தத்துக்குள் வராத பொருள்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் பட்டியலில் 429 பொருள்கள். இலங்கையின் பட்டியலில் 1,180. சிறிய நாடு தன் விவசாயியையும் சிறு தொழிலையும் காத்துக்கொள்ள அதிக இடம் விடப்பட்டிருந்தது.

ஆனால் வரியில்லாமல் நுழைய ஒரு நிபந்தனை உண்டு. பொருள் உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து மூலப்பொருளைக் கொண்டுவந்து செய்தால், விலையில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் கூடிய மதிப்பாக இருக்க வேண்டும். இந்திய மூலப்பொருளைச் சேர்த்துச் செய்தால் அந்த அளவு 25 சதவீதமாகக் குறையும். வணிக ஒப்பந்தங்களில் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைவிட இந்த ஒரு வரிக்குத்தான் அதிக வலிமை.

வனஸ்பதிக்கு வருவோம். அந்த ஆண்டுகளில் இந்தியா, தன் எண்ணெய்வித்து விவசாயிகளைக் காப்பதற்காக இறக்குமதிப் பாமாயிலுக்குக் கடும் வரி போட்டிருந்தது. மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ நேராகச் சென்னைக்கு வரும் எண்ணெய்க்கு அந்த வரி முழுவதும் விழும். அதே எண்ணெய் கொழும்பில் இறங்கினால் அங்கே வரிச்சுமை மிகக் குறைவு. அதை வனஸ்பதியாக்கினால் வேறு பொருளாகிவிடும். இலங்கைத் தயாரிப்பு என்ற சான்றிதழும் கிடைக்கும். இந்தியாவுக்குள் வரியின்றி நுழையும். இரு நாட்டு வரிகளுக்கும் இடையில் இருந்த இந்த வித்தியாசமே மொத்த லாபம். அதைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் இந்திய முதலீட்டாளர்கள்தான். அவர்களே இலங்கையில் ஆலைகள் அமைத்து, தங்கள் நாட்டுச் சந்தைக்கே அனுப்பினார்கள். செம்பின் கதையும் ஏறத்தாழ இதுதான். கழிவுச் செம்பை இறக்குமதி செய்து உருக்கி அனுப்பினார்கள்.

இது சட்டமீறல் அல்ல. ஒப்பந்தம் அனுமதித்ததையே செய்தார்கள். ஆனால் இந்தியாவில் வனஸ்பதி ஆலைகள் கூக்குரலிட்டன. 2006 வாக்கில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. செம்பில் சொல்லப்படும் மதிப்புக் கூட்டல் உண்மைதானா என்று இந்திய அதிகாரிகள் துருவத் தொடங்கினார்கள். பிறகு 2008இல் உணவுப்பொருள் விலை உலகெங்கும் ஏறியபோது இந்தியா கச்சாப் பாமாயில் வரியையே நீக்கியது. வரி வித்தியாசம் மறைந்ததும் லாபமும் மறைந்தது. ஆலைகள் மூடின. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது வேலையிழப்பு. ஒரு நாட்டின் வரிப்பட்டியலில் உள்ள இடைவெளியை நம்பி எழும் தொழில், அந்த வரி மாறும் நாளில் விழுந்துவிடும் என்பதற்குத் தெற்காசியாவில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மிளகு இன்னும் முடியாத கதை. இலங்கை மிளகில் காரத்தன்மை தரும் பைப்பரின் அதிகம். மிளகுச் சாறு பிரிக்கும் கேரளத்து ஆலைகளுக்கு அது மிகவும் வேண்டியது. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியின்றி வரலாம். ஆனால் குடகிலும் இடுக்கியிலும் மிளகு பயிரிடுவோர், வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் உள்ளே வந்து தங்கள் விலையைக் கீழே தள்ளுகிறது என்று முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. குடகு விவசாயியின் வருத்தம் உண்மையானது. அதே முடிவால் இலங்கையின் மாத்தளைப் பக்கம் நேர்மையாக மிளகு விளைவிக்கும் சிறு விவசாயியும் அடிபட்டார் என்பதும் உண்மை. இலங்கையில் விளையாத மிளகை விற்றவர் வேறு யாரோ; அதன் தண்டனை மட்டும் இந்த இருவருக்கும் வந்து சேர்ந்தது.

தேயிலைக்கும் ஆடைக்கும் வேறு வகைத் தடை. ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலை, 80 லட்சம் உடுப்புகள் என்று இந்தியா சலுகை அளவு குறித்தது. ஆனால் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம், ஆடைகளில் பெரும்பகுதி இந்தியத் துணியால் தைத்ததாக இருக்க வேண்டும் என்று கூடவே நிபந்தனைகள். ஆடை ஏற்றுமதியில் உலகப் பெயர் பெற்ற இலங்கை நிறுவனங்கள் முதல் சில ஆண்டுகளில் அந்தச் சலுகையைத் தொடக்கூட இல்லை. நிபந்தனை தளர்ந்த பிறகே இந்தியக் கடைகளில் இலங்கை உடுப்பு தென்படத் தொடங்கியது.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் ஒப்பந்தத்தால் இலங்கைக்கு நன்மை கிடைத்தது என்பதை எண்கள் காட்டுகின்றன. 1999இல் இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி 5 கோடி டாலர் அளவில் இருந்தது. 2005இல் 50 கோடியைத் தாண்டியது. 2023–24 நிதியாண்டில் இருபக்கச் சரக்கு வணிகம் சுமார் 550 கோடி டாலர். அதில் இந்தியா அனுப்பியது சுமார் 410 கோடி, இலங்கை அனுப்பியது சுமார் 140 கோடி. இந்த இடைவெளியைக் காட்டி, ஒப்பந்தம் இலங்கையைச் சுரண்டுகிறது என்று கொழும்பில் அடிக்கடி பேசப்படுகிறது. பற்றாக்குறை மெய்தான், அதற்குக் காரணம் ஒப்பந்தம் அல்ல. இலங்கை அனுப்புவதில் பாதிக்கும் மேற்பட்டது ஒப்பந்தச் சலுகையில் போகிறது. இந்தியாவிலிருந்து வருவதில் அந்தச் சலுகையில் வருவது மிகச் சிறு பங்கு. பெட்ரோல், டீசல், வாகனம், மருந்து, சர்க்கரை, துணி ஆகியவை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். அவை பக்கத்தில் மலிவாகக் கிடைக்கின்றன, அவ்வளவுதான். அதிலும் துணியும் நூலும் இலங்கையில் ஆடையாகி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் டாலர் ஈட்டுகின்றன. எல்லா இறக்குமதியும் நஷ்டமல்ல.

இலங்கைத் தெருக்களில் நின்று பார்த்தாலே இந்த வணிகம் கண்ணில் படும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டோக்கள் பதிவாகியுள்ள நாடு அது. அவற்றில் பெரும்பாலானவை பஜாஜ். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகளில் அசோக் லேலண்ட் ஏராளம்; 1982 முதல் லங்கா அசோக் லேலண்ட் என்ற கூட்டு நிறுவனமே அங்கு உண்டு. சமையலறையில் பெரிய வெங்காயத்துக்குப் பெயரே பொம்பே வெங்காயம். 2023 டிசம்பரில் தன் உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது, யாழ்ப்பாணத்திலும் காலியிலும் வெங்காய விலை எகிறியது. அடுத்த ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 டன் அனுப்ப இந்தியா தனி அனுமதி தந்தது. நாசிக் விவசாயிக்கும் டெல்லி வாக்காளருக்கும் இடையே நடக்கும் இழுபறியில் மட்டக்களப்புக் குடும்பத்தின் சமையல் செலவு தீர்மானமாகிறது. பெரிய அண்டை நாட்டுக்கு இது சின்ன விஷயம். சின்ன நாட்டுக்கு அப்படியல்ல.

எதிர்த்திசையில், இந்தியா இலங்கையைச் சார்ந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அது கொழும்புத் துறைமுகம். பெரிய தாய்க்கப்பல்கள் நுழைய ஆழமான துறை வேண்டும். கிழக்கு மேற்கு கப்பல் பாதையிலிருந்து வெகுதூரம் விலகாமலும் இருக்க வேண்டும். இந்தியத் துறைமுகங்கள் நெடுங்காலம் இந்த இரண்டிலும் பின்தங்கியிருந்தன. அதனால் தூத்துக்குடியிலும் சென்னையிலும் கொச்சியிலும் ஏற்றும் கன்டெய்னர்கள் சிறு கப்பல்களில் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாறின. 2023இல் கொழும்பு கையாண்டது, இருபதடிக் கன்டெய்னர் கணக்கில், சுமார் 70 லட்சம். அதில் பெரும்பகுதி இப்படி மாற்றி ஏற்றுவது. அந்த மாற்று வேலையில் முதல் வாடிக்கை இந்தியச் சரக்குதான். திருப்பூர் பனியன் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் கொழும்பு கிரேன் ஒன்று அதைத் தூக்கி வைக்கிறது.

தன் சரக்கு இத்தனை போகும் துறைமுகத்தில் தனக்கும் ஒரு முனையம் வேண்டும் என்று இந்தியா விரும்பியது இயல்பு. 2013இலேயே சீன நிறுவனத்தின் பெரும்பங்கில் தெற்கு முனையம் இயங்கத் தொடங்கிவிட்டது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் போனது. 2019 மே மாதம் இந்தியாவும் ஜப்பானும் இலங்கையும் சேர்ந்து கிழக்கு முனையத்தை வளர்ப்பது என்று உடன்பாடு எழுதின. அதற்குப் பிறகு இலங்கையில் ஆட்சி மாறியது. துறைமுகத் தொழிற்சங்கங்கள், தேசச் சொத்தை விற்காதே என்று போராட்டத்தில் இறங்கின. 2021 பிப்ரவரியில் அமைச்சரவை உடன்பாட்டைக் கைவிட்டு, முனையத்தைத் துறைமுக அதிகாரசபையே நடத்தும் என்றது. இழுபறிக்குப் பின் அதே ஆண்டு செப்டம்பரில் மேற்கு முனையம் இந்தியாவின் அதானி நிறுவனத்துக்குக் கிடைத்தது: அதானிக்கு 51 சதவீதம், இலங்கையின் ஜோன் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகாரசபைக்கு 15. ஏறத்தாழ 80 கோடி டாலர் திட்டம். 2025 ஏப்ரலில் அது இயங்கத் தொடங்கியது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2025 மே 2 அன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையிலேயே ஆழமான துறை. கொழும்புக்குப் போகும் இந்தியச் சரக்கை உள்நாட்டிலேயே பிடித்துக்கொள்வதுதான் அதன் நோக்கம். அதை நடத்துவதும் அதானி. கடலின் இரு பக்கமும் ஒரே நிறுவனம் நிற்கும்போது, எந்தக் கப்பல் எந்தத் துறைக்குப் போகும் என்பதில் அந்த நிறுவனத்தின் கணக்கும் சேரும். இலங்கை இதை இப்போதே கவனித்தாக வேண்டும். கொழும்பின் பிழைப்பு அதன் வேகத்திலும் கட்டணத்திலும் இருக்கிறது. பழைய வாடிக்கை என்ற நம்பிக்கையில் இல்லை.

முதலீட்டுத் துறையின் மிக நீண்ட காத்திருப்பு திருகோணமலையில் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷார் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் அங்கே 99 உண்டு. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே, அவற்றை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைக்கும் என்ற வாசகம் இருக்கிறது. 2003இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி வந்து சில தொட்டிகளைப் பயன்படுத்தியது. மீதித் தொட்டிகள் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. 61 தொட்டிகளைக் கூட்டு நிறுவனம் ஒன்று சீரமைக்கும், அதில் 51 சதவீதம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு என்று உடன்பாடு முடிந்தது 2022 ஜனவரியில். கடிதத்திலிருந்து கையெழுத்துக்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள்.

அந்தக் கையெழுத்து விழுந்த சில வாரங்களில் இலங்கையின் கஜானா காலியானது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பித் தர இயலாது என்று அரசு அறிவித்தது. மருந்தில்லை, எரிவாயு இல்லை, பெட்ரோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. அந்த ஆண்டு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது: நாணய மாற்று, கடன் தவணைத் தள்ளிவைப்பு, எரிபொருள் வாங்க 50 கோடி, உணவும் மருந்தும் வாங்க 100 கோடி என்று பல வடிவங்களில். தமிழ்நாடு அரசு தன் பங்காக 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அறிவித்தது. முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. ஜூன் கடைசியில் அரசு நிலையங்களில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்றானபோது, லங்கா ஐஓசி நிலையங்களில் மட்டும் பொதுமக்களுக்கு விற்பனை தொடர்ந்தது. 2003இல் அந்நிய நிறுவனம் என்று எதிர்க்கப்பட்ட அதே நிறுவனத்தின் வாசலில் மக்கள் இரவு முழுக்க வாகனத்தோடு காத்திருந்தார்கள். அடுத்த ஜனவரியில், சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்குத் தேவையான உறுதிமொழியை கடன் கொடுத்த நாடுகளில் முதலில் தந்ததும் இந்தியாதான்.

இந்த உதவியின் நினைவு இலங்கையில் பலரது மனத்தை மாற்றியது. அண்டை நாட்டு முதலீடு என்றாலே ஆக்கிரமிப்பு என்று பார்த்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. இதற்கு அரசியலில் ஒரு பெரிய சான்று உண்டு. தான் நடத்திய 1987–89 கிளர்ச்சிக் காலத்தில், இந்தியப் பொருள்களை விற்கக் கூடாதென்று கடைக்காரர்களை மிரட்டிய இயக்கம் ஜே.வி.பி. இந்திய விரிவாக்கம் என்பது அதன் அரசியல் வகுப்புகளில் ஒரு பாடமாகவே இருந்தது. அந்தக் கட்சியிலிருந்து வந்த அனுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியானார். அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம் அந்த டிசம்பரில் டெல்லிக்குத்தான்.

ஆனால் மனம் மாறினால் மட்டும் திட்டம் நிறைவேறிவிடாது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி கிரீன் நிறுவனம் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க முன்வந்தது. 44 கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீடு. போட்டி ஏலம் இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு எப்படித் தரலாம் என்று கேள்வி எழுந்தது. மன்னார் தீவு, வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் வழி. சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை அதிகம் என்று புதிய அரசு மறுபேச்சுக்கு அழைத்தது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னார் மக்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றைக் கையெழுத்துக்குப் பிறகு கேட்க நேர்ந்ததுதான் பிழை. முதலிலேயே திறந்த ஏலமும் முழுமையான சூழல் ஆய்வும் நடந்திருந்தால் பறவைகளுக்கும் நல்லது, மின்கட்டணம் செலுத்துவோருக்கும் நல்லது, முதலீட்டாளருக்கும் நல்லது.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் இதற்கு முந்தைய பாடம். 2006இல் உள்நாட்டுப் போரில் ஊரே இடம்பெயர்ந்தது. மக்கள் முகாம்களில் இருந்தபோதே அங்கே இந்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியோடு 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. தங்கள் நிலத்துக்குத் திரும்பக் கேட்டு மக்கள் போராடினார்கள். 2015 முதல் திரும்பத் தொடங்கினார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அதே இடத்தில் இருநாட்டுக் கூட்டில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம். அதன் கட்டுமானப் பணி 2025 ஏப்ரல் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இரு அரசுகளும் ஒப்பந்தம் பேசும் மேசையில் நிலத்துக்குரிய ஊர்க்காரருக்கு இடம் இல்லை என்பது, இந்த இரு நாட்டு உறவில் அதிகம் பேசப்படாத குறை.

முதலீடு ஒருவழிப் பாதை அல்ல. ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்துக்கு அருகே அச்சுதாபுரத்தில் 1,000 ஏக்கரில் ஆடை நகரம் கட்டியது இலங்கையின் பிராண்டிக்ஸ். அங்கே பல்லாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். இலங்கையின் டாம்ரோ மரச்சாமான் கடைகள் தமிழ்நாட்டு நகரங்களில் பழகிய பெயர். இலங்கையின் முன்னாள் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் பான நிறுவனம் கர்நாடகத்தின் சாமராஜநகரில் 1,400 கோடி ரூபாயில் ஆலை அமைக்கப்போவதாக 2024இல் அந்த மாநில அமைச்சர் அறிவித்தார். சுற்றுலாவும் சேர்ந்துகொள்கிறது: 2024இல் இலங்கை போன சுமார் 20 லட்சம் பயணிகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். எந்த நாட்டையும்விட அதிகம்.

இத்தனையும் நடக்கிறது, ஆனால் எங்கே நடக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால் ஒன்று உறுத்தும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமார் 110 கிலோமீட்டர் கடல். ஆனாலும் தமிழ்நாட்டுச் சரக்கு யாழ்ப்பாணம் போக வேண்டுமானால், தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் இறங்கி, லாரியில் சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். அந்தச் செலவு யாழ்ப்பாணத்துக் கடை விலையில் ஏறுகிறது. யாழ்ப்பாணத்து வெங்காயமும் கருவாடும் பனம்பொருளும் பக்கத்துக் கரைக்கு வருவதும் அதே சுற்றுவழியில்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒரு காலத்தில் திருவிதாங்கூர்தான் முக்கியச் சந்தை. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்த கடனில் தோட்டங்களும் அரிசி வணிகமும் நடந்தன. 1914 முதல் சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போக ஒரே பயணச்சீட்டு போதும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் இலங்கையில் போர் தொடங்கியதோடு நின்றது.

இப்போது வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2019இல் பலாலி விமானநிலையம் சர்வதேச நிலையமானது. சென்னைக்கு விமானம் வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் தனியார் நிறுவனத்தின் கையில் மீண்டும் ஓடியது. பயணிகள் வருகிறார்கள், கையோடு மூட்டைகளும் வருகின்றன. ஆனால் அது சரக்கு வணிகம் ஆகாது. நடுவே பாக்கு நீரிணையில் மீன்பிடித் தகராறும் நீறுபூத்த நெருப்பாக இருக்கிறது. தமிழக விசைப்படகுகளின் மடிவலை, கடலின் அடித்தளத்தையே வழித்துப் போகிறது என்பது வடமாகாண மீனவரின் புகார். தங்கள் படகுகள் பறிமுதலாகி, ஆட்கள் சிறைப்படுகிறார்கள் என்பது ராமேஸ்வரத்து மீனவரின் துயரம். இரு பக்கமும் ஏழைகள். இந்தத் தகராறு தீராமல் இந்தக் கடலில் வேறு வணிகத்தை நிம்மதியாகப் பேச முடியாது.

பெரிய ஒப்பந்தப் பேச்சு தனியே நடந்துகொண்டிருக்கிறது. சரக்கோடு சேவைகளையும் முதலீட்டையும் சேர்க்கும் விரிவான ஒப்பந்தம் 2008இல் கையெழுத்தாகும் நிலைக்கு வந்து, இலங்கைத் தொழிலதிபர்களின் எதிர்ப்பால் நின்றது. 2016இல் வேறு பெயரில் மறுபடி தொடங்கியபோது இலங்கை மருத்துவர் சங்கமும் கணினித் துறையினரும் இந்தியர்கள் வந்து வேலைகளை எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்த்தார்கள். 140 கோடிப் பேர் வாழும் நாட்டின் அருகில் இருக்கும் இரண்டு கோடிச் சொச்சம் பேரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்தத் தொழிலில், எத்தனை பேர், எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் எல்லை வகுத்தால் அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். அதேபோல இந்தியா தேயிலைக்கும் மிளகுக்கும் ஆடைக்கும் வைத்த அளவுகளைத் தளர்த்த வேண்டும். இலங்கை, சுங்க வரியை நீக்கிவிட்டு செஸ் என்றும் துறைமுக, விமானநிலைய வரி என்றும் வேறு பெயரில் வசூலிப்பதைக் குறைக்க வேண்டும்.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி டாலரை மானியமாகத் தர இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. கப்பல் அணைய ஆழம் வந்தால் மட்டும் வடக்கின் வணிகம் தொடங்கிவிடாது. அங்கேயே முழு அதிகாரத்தோடு சுங்க அலுவலகம் வேண்டும்; உணவுப் பொருளையும் விதையையும் சோதித்துச் சான்று தரும் ஆய்வுக்கூடம் வேண்டும்; இந்தக் கரையில் நாகப்பட்டினத்திலும் அதே வசதி வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்தத் துறையில் இறங்கும் மூட்டையும் முத்திரைக்காகக் கொழும்புக்குத்தான் போய்வர வேண்டியிருக்கும்.